இடக்கைச் சத்தம்

சேந்தன்குளத்தில் கும்பாக்கள் சத்தம் கொடுக்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்து மத்தியானத்தில். காற்று ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தது, கரண்ட் வழக்கம்போல் போயிருந்தது. மேலத்தெருப் பகவதி, கஞ்சி குடித்த வெண்கலக் கும்பாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி முடித்தவள், பக்கத்தில் கிடந்த அகப்பையின் காம்பை விளையாட்டாக அதன் விளிம்பில் வைத்துச் சுற்றிச் சுற்றி உருட்டினாள், உருட்டியதும் கும்பாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்து, நடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழ வண்டி வைத்திருந்த அவள் புருஷன் காதில் போய் விழ, அவன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, "எதுக்குளா கூப்புடுத? யேவார நேரத்துல" என்று வாசலில் நின்று கத்தினான். அவள் வாயே திறக்கவில்லை. ஆனாலும் அது பகவதியின் சத்தம்தான் என்பதில் தெருவில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பாதிச் சண்டையும் பாதிச் சிரிப்புமாக, அவள் தொண்டையிலிருந்து இத்தனை காலம் வந்ததைவிடக் கும்பாவிலிருந்து வந்ததுதான் அதிகம் பகவதியாக இருக்கிறது என்று அவள் மாமியாரே சொன்னாள். நல்லவிதமாகச் சொன்னாளா என்பது தெரியாது.

பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த கும்பா அத்தனையும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு சத்தம் வந்தது. மைக்கைப் பிடித்தால் விடாத பஞ்சாயத்துத் தலைவருக்குக் கொசு மாதிரி ஒன்று வர, அவர் சில நாள் வெளியே தலைகாட்டவில்லை. அரிவாளோடு அலைகிற சண்டியர் ஒருவனுக்குத் தாயைத் தேடுகிற கன்றுக்குட்டி மாதிரி வந்து, கேட்டவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அதன்பிறகு அவனைக் கண்டு யாரும் பயப்படவில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார், மலைமேல் இருக்கிற கடைகளில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பாடும் கிண்ணம் என்று விற்கிறார்கள், அதில் யார் உருட்டினாலும் கிண்ணத்தின் சத்தம் வரும், இதில் உருட்டுகிறவர் சத்தம் வருகிறது, வித்தியாசம் அவ்வளவுதான் என்றார். அதற்குமேல் ஊருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இது எதனால் என்று கேட்பதைவிட, இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்பதுதான் சேந்தன்குளத்துக்காரர்களுக்குப் பழக்கம்.

என்னென்னவோ செய்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டுக் கும்பாவை நீட்டினார்கள். கூட்டுறவு வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் உருட்டச் சொன்னார்கள். காது குத்துகிற அன்றைக்குப் பிள்ளையின் கையில் அகப்பையைக் கொடுத்து முதல் சத்தம் கேட்டார்கள். யாராவது செத்துப்போனால், அவர்கள் கும்பாவைக் குளத்தங்கரை ஈரமண்ணில் கவிழ்த்துப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். எல்லாவற்றையும்விட, விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவை உருட்டுவது என்று ஒரு வழக்கம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னின்னார் வீடு வந்து சேர்ந்தாயிற்று என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். ஒரு சத்தம் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எங்க, மூத்தவன இன்னும் காணும்?" என்று கேட்பார். நல்ல வழக்கம்தான். சத்தம் உள்ளவர்களுக்கு.

அதே தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த ஆவுடைக்குப் புருஷன் வீட்டில் சொந்தமாக ஒரு கும்பா கிடையாது. அந்தப் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, குத்துவிளக்கிலிருந்து குழம்புக் கரண்டி வரை எல்லாச் சாமானிலும் பெண்ணின் பெயரைப் புள்ளிபுள்ளியாக வெட்டிக் கொடுத்தனுப்புவார்கள். அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தாலும் உலகம்மாள் என்று இருந்தது. உலகம்மாள் அவளுடைய அக்கா. மஞ்சள் காமாலையில், மடியை விட்டு இறங்காத பிள்ளையை விட்டுவிட்டுச் செத்துப்போனவள். ஆவுடை அப்போது தென்காசியில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாள், கோகோ விளையாட்டில் மாவட்ட அணிக்கு எடுத்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் அம்மா பிரமு கேட்டாள். கோகோவில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறவள் முதுகில் பின்னாலிருந்து ஒருத்தி தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ள, தட்டு வாங்கினவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்து ஓடவேண்டும் அல்லவா, அந்த மாதிரி எழுந்து ஓடி வந்தவள்தான் ஆவுடை. "அக்காவுக்குப் போட்ட சாமான்லாம் பளபளன்னு அப்பிடியே இருக்கு. இன்னொருக்க எதுக்கு?" என்று பிரமு அம்மாள் சொன்னதால், அவளுக்கென்று ஒரு டம்ளர்கூட வாங்கவில்லை.

அக்காள் புருஷன் குற்றாலிங்கம் மினிபஸ் ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான ஆள் என்பார்கள். ஆவுடை அவனை முன்பும் அத்தான் என்றாள், தாலி கட்டிய பிறகும் அத்தான் என்றாள். வந்த முதல் நாள் அவனுக்குச் சோறு பரிமாறியபோது அகப்பையை இடக்கையில் பிடித்துவிட்டாள். அவள் பிறவியிலேயே இடக்கைக்காரி, எழுதுவதும் எறிவதும் எல்லாமே இடக்கைதான். குற்றாலிங்கம் கோபப்படவில்லை. சோற்றைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா இப்பிடி வைக்க மாட்டா" என்றான். அன்றிலிருந்து ஆவுடை வலக்கையால் சோறு வைத்தாள், வலக்கையால் கோலம் போட்டாள், வலக்கையால் பிள்ளைக்கு மருந்து கொடுத்தாள். புதுச்சேலை எடுத்தால் அக்கா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் உடுத்தினாள். பிள்ளை பூர்விகாவைக் கண்ணைப்போல் வளர்த்தாள், பிள்ளை அவளைச் சித்தி என்று கூப்பிட்டது. அம்மா என்று ஒரு நாள் கூப்பிடும் என்று ஆவுடை முதலில் நினைத்திருந்தாள், பிறகு அந்த நினைப்பு இட்லிக்கு அரைப்பதிலும் துணி துவைப்பதிலும் எங்கேயோ போய்விட்டது.

ஊரெல்லாம் உருட்டி ஓய்ந்த பிறகுதான் அவளுக்குக் கை ஒழிந்தது. ஒரு சாயங்காலம், சாமான் தேய்க்கிற கல்லில் உட்கார்ந்து, உலகம்மாள் என்று பெயர் வெட்டிய கும்பாவை எடுத்து, நமக்கு எப்படி வருகிறது பார்ப்போம் என்று, பரீட்சை முடிவு பார்க்கிற பெண்ணைப்போல, வலக்கையால் உருட்டினாள். சத்தம் வந்தது. தணிந்த, குழைந்த, ஏற்ற இறக்கம் இல்லாத, தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவளின் சத்தம். அது உலகம்மாளின் சத்தம்.

மினிபஸ் அப்போது கடைசி ட்ரிப்பில் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. குற்றாலிங்கம் பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி ஓடிவந்தான். அவன் பின்னால், எதற்கு ஓடுகிறான் என்று தெரியாமலே பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி ஓடிவந்தார்கள். பகவதி வந்தாள், தெருவே வந்தது, உலகம்மாளிடம் கைமாற்றாக வாங்கிய இட்லிச்சட்டியைத் திருப்பிக் கொடுக்காதவள்கூட வந்து முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். ட்யூஷனிலிருந்து வந்த பூர்விகா எல்லோர் காலுக்கும் இடையில் புகுந்து வந்து, "அம்மா" என்று ஒரு கத்துக் கத்தி, கட்டிக்கொண்டது. கும்பாவைத்தான் கட்டிக்கொண்டது. ஆவுடை அகப்பையும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அம்மா என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேர் வெட்டின கும்பா அல்லவா, பேருக்கு உரியவள் வந்துவிட்டாள் என்று ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆகவேண்டியதைப் பார்க்கத் தொடங்கியது. பிரமு அம்மாள் வாராவாரம் பஸ் ஏறி வந்து, கும்பாவுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, மூத்த மகளிடம் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினாள். "மெல்ல உருட்டுட்டி, அவளுக்கு வலிக்கும்லா" என்று இளையவளை அதட்டினாள். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையில் திருமதி உலகம்மாள் குற்றாலிங்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குற்றாலிங்கம் சாப்பிட்டு முடித்ததும், "கொஞ்சம் உருட்டேன்" என்பான், ஆவுடை உருட்டுவாள், அவன் கும்பாவைப் பார்த்துக்கொண்டு, டீசல் விலை, கிளீனர் பயல் சண்டை, மழைக்கு ஒழுகுகிற மூலை, சாகிற அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடிக்காமல் டீ குடிக்கப் போனது என்று ஒன்று விடாமல் சொல்வான். இத்தனை பேச்சு இந்த மனிதனுக்குள் இருந்ததா என்று ஆவுடைக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு ஆத்திரமாக இருந்தது, பிறகு செத்துப்போன அக்காமீது ஆத்திரப்படுகிறோமே என்று தன்மீதே வெறுப்பாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டிலிருந்து வந்தவை குற்றாலிங்கத்தின் சத்தம், பூர்விகாவின் சத்தம், உலகம்மாளின் சத்தம். தெரு கேட்டுவிட்டு, அந்த வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டது. ஆவுடை எங்கே என்று ஒருவரும் எட்டிப் பார்த்துக் கேட்கவில்லை.

ஒரு நாள் அவள் தென்காசிக்குப் போய், கல்லூரிக் காலத்து மோதிரத்தை விற்றுவிட்டுப் புதுக்கும்பா ஒன்று வாங்கினாள். பெயர் வெட்டுகிறவர் இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருக்கும்மா கல்யாணம்? பிள்ள பேரு சொல்லுங்க" என்றார்.

"கல்யாணம் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். ஆவுடைன்னு வெட்டுங்க."

அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் வழியெல்லாம் அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உருட்டினாள். உலகம்மாள் வந்தாள். வெளியிலிருந்து பூர்விகா, "அம்மா, உள்ள என்ன செய்யுத?" என்று கதவைத் தட்டியது.

அப்படியென்றால் குற்றம் கும்பாவில் இல்லை. நெல் மில்லின் இரைச்சலுக்குப் பக்கத்தில் போய் உருட்டிப் பார்த்தாள், குளத்தங்கரையில் உட்கார்ந்து உருட்டிப் பார்த்தாள், தலைக்குக் குளித்துவிட்டும் பட்டினி கிடந்தும் உருட்டிப் பார்த்தாள், கோகோ மைதானத்தையும் ஹாஸ்டல் அறையையும் மனதில் கொண்டுவந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் நான் நான் என்று சொல்லிக்கொண்டே உருட்டிப் பார்த்தாள். எல்லாத் தடவையும் அக்காதான் வந்தாள். தனக்குள்ளே தோண்டத் தோண்ட இன்னொருத்திதான் இருக்கிறாள் என்றால், இத்தனை நாள் சோறு தின்றதும் தூங்கி எழுந்ததும் யார்? அவள் பகவதியிடம் போய்ச் சொன்னாள்.

"மைனி, எனக்குன்னு ஒண்ணு வர மாட்டேங்கு."

பகவதி கொய்யாக்காயைக் கூடையில் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். "வந்தா என்ன, வராட்டா என்ன? புள்ள வாய் நிறைய அம்மாங்கு. புருசன் ஒழுங்கா வீடு வந்து சேருதான். செத்தவ சத்தத்த வீட்டுக்குள்ள வச்சிருக்க, ஊருல எவளுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு? இதுக்கு மேல உனக்கு என்னளா வேணும்?"

பகவதி கெட்டவள் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

புரட்டாசியில், கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து, கொதிக்கிற கஞ்சி அவள் வலக்கையில் கொட்டியது. உள்ளங்கை கொப்பளித்து, மருந்து வைத்துக் கட்டுப் போட்டார்கள். சாயங்காலம் ஆயிற்று, தெருவில் வரிசையாகச் சத்தங்கள் எழுந்து அடங்கின, அந்த வீட்டில் ஒரு சத்தம் குறைந்தது, குற்றாலிங்கம் வாசலில் நின்று, "உருட்டலியா?" என்றான். உருட்டத்தான் வேண்டும். கைக்கு எட்டியது புதுக்கும்பா. கட்டுப் போட்ட வலக்கையின் முழங்கையால் அதை மடியில் அணைத்துக்கொண்டு, அகப்பைக் காம்பை, எத்தனையோ காலம் கழித்து, இடக்கையில் எடுத்தாள். பிடித்ததுமே கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் உருட்டினாள், இடமிருந்து வலமாக இல்லை, வலமிருந்து இடமாக, கை எப்படிப் போக ஆசைப்பட்டதோ அப்படி.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தகரக்கூரையில் மழை விழத் தொடங்குவதுபோலக் கரகரவென்று ஏதோ வந்து, ஏறி, நடுவில் ஓர் இடத்தில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே இன்னும் மேலே ஏறிப் போயிற்று. இனிமையான சத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவசரமும் பிடிவாதமும் கொஞ்சம் திமிரும் இருந்தது. அதைக் கேட்டதும் ஆவுடைக்குக் காலமெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இருந்தவள் தலையை வெளியே நீட்டியதுபோல வாய்விட்டு ஒரு மூச்சு வந்தது. இதுதான். இது யாருடையதும் இல்லை, இது நான்தான் என்று அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே உருட்டினாள்.

வாசலில் எழுதிக்கொண்டிருந்த பூர்விகா தலையைத் தூக்கி, ஒரு வினாடி கேட்டுவிட்டு, "இது சித்தி" என்றது. சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கிவிட்டது. தெருவில் வேறு யாருக்கும் அது யார் என்று தெரியவில்லை. "யாருப்பா அது, வெளியூர் ஆளா?" என்று இரண்டு வீடு தள்ளி யாரோ கேட்டார்கள். குற்றாலிங்கம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இடக்கையாலயா?" என்றான்.

"ஆமா அத்தான். இது என் சத்தம்."

"சரி," என்றான் அவன். "கை ஆறட்டும். பெறவு அவளக் கூப்புடு."

கை ஆறிற்று. ஆறின கையால் அக்காவின் கும்பாவை எடுத்து உருட்டியபோது வெறும் வெண்கலம் மரத்தில் உரசுகிற சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஓர் உடம்பில் ஒரு சத்தம்தான் குடியிருக்கும்போல. பிரமு அம்மாள் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, வெறும் உரசலைக் கேட்டுவிட்டு, கேட்டதை நம்பாமல் இன்னும் ஒரு தடவை உருட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடேர் மடேரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"எம் புள்ளய மறுபடியும் கொன்னுட்டியேட்டி பாவி. ஒருக்க சாமி கொண்டுபோச்சு. இப்ப நீ கொண்டுபோயிட்டியே."

"எம்மா, நானும் உன் புள்ளதானம்மா. என் சத்தம் வந்துருக்கு, ஒருக்கக் கேளேன்."

"நீதான் இங்கன இருக்கியே. உன்ன எதுக்குக் கேக்கணும்?" என்றாள் அம்மா.

ஊர் கூடிப் பேசி, சாப்பாட்டுக்கும் சாமிக்கும் ஆகாத கையால் உருட்டிய சத்தம் சத்தத்தில் சேராது என்று முடிவு செய்தது. பஞ்சாயத்துத் தலைவர் தன் கொசுச் சத்தத்தை வைத்துக்கொண்டு இதை அறிவித்தார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உலகம்மாள் இரண்டாவது தடவை போய்விட்டதால் இரண்டாவது தடவை துக்கம் கேட்க வந்தார்கள், இரண்டாவது தடவை பதினாறாம் நாள் வைத்தார்கள். அத்தனை பேருக்கும் சமைத்ததும், வலக்கையால் பரிமாறியதும், எச்சில் இலை எடுத்ததும் ஆவுடைதான். சாப்பிட்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில், எல்லோரும் வேலைக்குப் போன மத்தியானங்களில், கொல்லைப்புறத்து முருங்கைக்கடியில் உட்கார்ந்து இடக்கையால் அவள் உருட்டிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் அந்த உடைகிற இடம் கொஞ்சம் நகர்ந்தது, அதற்கு மேலே போகிற இடம் கொஞ்சம் நீண்டது, நாளைக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. நாளைக்கு என்று ஒன்றின்மேல் அவள் ஆசைப்பட்டது அந்தச் சில நாட்களில் மட்டும்தான்.

பூர்விகா சோறு தின்பதை நிறுத்தியது. முதலில் அடம் என்று நினைத்தார்கள், பிறகு காய்ச்சல் வந்தது. டாக்டர் சாதாரணக் காய்ச்சல்தான் என்று ஊசி போட்டார், காய்ச்சல் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை அக்காவின் கும்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, உதடு வெடித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தது.

"சித்தி, அம்மாவக் கூப்புடு."

"எனக்கு வர மாட்டேங்கு கண்ணு. நான் என்ன செய்ய?"

"வரும். நீதான் கூப்புட மாட்டேங்க."

குற்றாலிங்கம் பஸ்ஸை எடுக்காமல் வீட்டிலேயே கிடந்தான். ஒரு மத்தியானம் அடுக்களைக்கு வந்து, ஆவுடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தத் தங்கமான மனிதன், மூக்கொழுக அழுதான். "நான் உனக்கு ஒண்ணும் செய்யல. எனக்குத் தெரியும். கூட ஒருத்தி இருக்கான்னே நான் நெனைக்கல. எனக்காகச் செய்யாண்டாம் ஆவுடை. புள்ளைக்காக அவளக் குடுத்துரு." அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. கூப்பிட்டுக் கேட்டதோ, அவள் தன் சத்தத்தையே விட்டுவிட வேண்டும் என்று. அவன்மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள், அவனும் பிள்ளையும் படுகிற பாட்டுக்கு முன்னால் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் யாருமே பொய்யாக அழவில்லை, அதுதான் அவளுக்கு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஆவுடை புதுக்கும்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனாள். கொக்கு நின்ற சேற்று ஓரமாக உட்கார்ந்து, இடக்கையால் ஒரு தடவை உருட்டினாள். அன்றைக்கு அந்தச் சத்தம் உடையவே இல்லை. கரகரப்போடு கிளம்பி, ஏறி, ஏறிக்கொண்டே போய், குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பனைகளையும் தாண்டிப் போனது. எல்லாம் கூடிவந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் என்னவெல்லாமோ வந்திருக்கும். அவள் கை ஓய்கிற வரைக்கும் உருட்டிவிட்டு, ஈரமண்ணைக் கையாலேயே தோண்டி, பெயர் வெட்டிய பக்கம் கீழே போக, கும்பாவைக் கவிழ்த்து வைத்து மண்ணைத் தள்ளி மூடினாள். வாய்க்கரிசி போட யாரும் இல்லை, சங்கு ஊத யாரும் இல்லை, செத்தவளே தன் காரியத்தைச் செய்துவிட்டு எழுந்தாள். வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பாதி வழியில் இடக்கை தோளிலிருந்து விரல்நுனி வரை மரத்துப்போயிற்று.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வலக்கையால் அக்காவின் கும்பாவை உருட்டினாள். உலகம்மாள் வந்தாள், தணிந்து, குழைந்து, எங்கேயும் போகாதவள்போல. பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. ஒரு கும்பா நிறையக் கஞ்சி குடித்தது. குற்றாலிங்கம் ஓடிப்போய்த் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான், பகவதி வந்து ஆவுடைக்குத் திருஷ்டி கழித்தாள், பிரமு அம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்க வைத்தார்கள். அன்றைக்கு மேலத்தெருவில் எல்லா வீட்டுச் சத்தமும் சரியாக இருந்தது. பிள்ளை அன்றைக்கு அம்மா அம்மா என்று அவள் மடியில்தான் தூங்கியது, கும்பாவைத் தேடவில்லை.

காய்ச்சல் விட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பிய அன்றைக்குக் காலையில், ஆவுடை அதற்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். இடக்கை மயிரைப் பிடிக்கும், இழுக்கும்போது நழுவ விட்டுவிடும். ரிப்பன் இரண்டு தடவை அவிழ்ந்தது. பூர்விகா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பொறுமையில்லாமல் நெளிந்தது.

"அம்மா, உனக்குப் பின்னவே தெரியல. சித்திதான் நல்லா இறுக்கிப் பின்னுவா. சித்தி எங்கம்மா?"

ஆவுடை ரிப்பனை மறுபடி எடுத்தாள்.

"சித்தி எங்கன்னு கேக்குதேம்லா?"

"ஊருக்குப் போயிட்டா."

"எப்ப வருவா?"

"வர மாட்டா தாயி."

பிள்ளை திரும்பி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தது. பார்த்துவிட்டு, பின்னின பாதிச் சடையோடு எழுந்து, பையைத் தூக்கி எறிந்துவிட்டு, வாசலுக்கு ஓடி, "சித்தி வேணும், எனக்குச் சித்தி வேணும்" என்று தெருவில் விழுந்து புரண்டு அழுதது. பகவதி ஓடிவந்து தூக்கி, "அதான் அம்மா வந்துட்டாள்லா, பெறவு சித்தி எதுக்கு?" என்று தேற்றினாள். பிள்ளை தேறவில்லை. ஆவுடை சீப்பும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தனக்காக ஒருவர் அழுவதை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டாள்.